194 கட்-ஆஃபுக்கு பிஎஸ்ஜி கிடைக்குமா? இன்ஜினியரிங் சீட் வாய்ப்பை நாமே கணக்கிடும் முறை

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்திலிருந்து கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கமெல்லாம் கோவையின் பிஎஸ்ஜி டெக் இன்ஜினியரிங் கல்லூரியைப் பற்றி ஒரே கேள்விதான். "ஏனுங்க, பையனுக்கு 194 வருதுங்க, பிஎஸ்ஜி கிடைக்குமுங்களா?" பள்ளி வாத்தியாரைக் கேட்பார்கள், போன வருடம் மகளைச் சேர்த்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பார்கள், நெட் சென்டர் தம்பியைக்கூடக் கேட்பார்கள். "அதெல்லாம் கிடைச்சிருமுங்க" என்பார் ஒருவர். "198 இல்லாம அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது" என்பார் இன்னொருவர். எந்தக் கோர்ஸ், எந்த சமூகப் பிரிவு, எந்த ஆண்டுக் கணக்கு என்று இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கை நாமே போடலாம். ஒரு நோட்டு, இணைய வசதி, இரண்டு மூன்று நாள் பொறுமை போதும். ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு முடிவுகளுக்கு இது உதவும்: கவுன்சிலிங்குக்கு (ரேங்க்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வு) முன்பே எங்காவது மேனேஜ்மென்ட் சீட்டுக்கு, அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாகத் தரும் இடத்துக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்பது ஒன்று, கவுன்சிலிங்கில் நாம் கொடுக்கும் கல்லூரி, கோர்ஸ் விருப்பங்களான சாய்ஸ் பட்டியலை எவ்வளவு தூரம் நீட்ட வேண்டும் என்பது இன்னொன்று. பட்டியலில் எதை மேலே போடுவது என்பதற்கு இந்தக் கணக்கு உதவாது, உதவவும் கூடாது. அது ஏன் என்பதை ஏழாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: கட்-ஆஃபைச் சரியாகப் போடுங்கள்

பிள்ளையின் சேர்க்கை மதிப்பெண்ணையும் நம் ஊரில் கட்-ஆஃப் என்றே சொல்கிறோம். அதன் கணக்கு எளிது. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. கணிதம் 99, இயற்பியல் 96, வேதியியல் 94 என்றால் 99 + 48 + 47 = 194. நுழைவுத்தேர்வு 2007-லேயே போய்விட்டதால், மாமாவும் சித்தப்பாவும் சொல்லும் 300-க்கான கட்-ஆஃப் கதைகளை ஓரமாக வைத்துவிடலாம்.

ரிசல்ட்டுக்கு முன்பே கணக்குப் போடுகிறவர்கள் ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். ரிவிஷன் தேர்வுகளில் எடுத்ததில் குறைந்ததை வைத்து ஒரு கட்-ஆஃப், கூடியதை வைத்து ஒரு கட்-ஆஃப் என்று இரண்டு போட்டு, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் வாரம் தவறாமல் டெஸ்ட் வைப்பதால் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் நெருங்கியே இருக்கும்.

ரிசல்ட் வந்தபின் மறுமதிப்பீடு பற்றி ஒரு சொல். கணிதத்தில் ஒரு மார்க் ஏறினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று ஏறும். இயற்பியலிலோ வேதியியலிலோ ஏறினால் அரைதான். ஆகவே பணமும் நேரமும் ஒரு பாடத்துக்குத்தான் என்றால் கணித விடைத்தாளின் ஸ்கேன் நகலை முதலில் வாங்குங்கள். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டியபின் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு நார்மலைசேஷன் பற்றிய பயம் உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் அந்த வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணையும் மாநில வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணையும் சமமாக வைத்துத்தான் கணக்கு. இரண்டிலும் உச்சம் 100 என்றால் உங்கள் மார்க் மாறாது.

படி 2: கட்-ஆஃபை மறந்து ரேங்கைப் பிடியுங்கள்

மொத்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான். பலரும் கல்லூரியின் கட்-ஆஃப் என்பதை அதன் வாசலில் எழுதி வைத்த எண் என்று நினைக்கிறார்கள். "பிஎஸ்ஜி இந்த வருஷம் எவ்வளவு வெச்சிருக்காங்க?" என்ற கேள்வியே அப்படிப் பிறந்ததுதான். எந்தக் கல்லூரியும் எதையும் வைப்பதில்லை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் நேற்று என்ன விலைக்கு முடிந்தது என்பது போலத்தான் கட்-ஆஃபும்: ஏலம் முடிந்தபின் தெரிகிற எண், இன்றைக்கு உங்கள் மூட்டைக்குக் கொடுக்கும் வாக்குறுதி அல்ல. கடைசி இடத்தை எடுத்த பிள்ளையின் மார்க் எதுவோ அதுவே அந்த ஆண்டின் கட்-ஆஃப்.

மார்க்குக்கும் ரேங்குக்கும் உள்ள உறவு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறும் என்று பாருங்கள். 200-க்கு 200 எடுத்தவர்கள் 2023-இல் 102 பேர், 2024-இல் 65 பேர், 2025-இல் 144 பேர். அதாவது 199.5 எடுத்தவர்களின் வரிசை 2024-இல் 66-ஆம் ரேங்கில் தொடங்கியது, அதே 199.5 அடுத்த ஆண்டு 145-இல்தான் தொடங்கியது. உச்சியிலேயே இப்படியென்றால், கூட்டம் நெருக்கும் 190, 185 பக்கம் எவ்வளவு நகரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்கள் முழு எண்களாக இருப்பதால் கட்-ஆஃப் அரை அரையாகத்தான் ஏறி இறங்கும். தரவரிசைப் பட்டியலில் இருப்பவர்களோ 2025-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு அரை மார்க் படியிலும் ஒரு பெரும் கும்பலே நிற்கும்.

அந்தக் கும்பலுக்குள் யார் முன்னால் என்பதற்கும் விதி உண்டு. முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல், அடுத்து நான்காவது பாடம், அப்புறம் பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி. எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கு வேலை. மேலே சொன்ன 99-96-94 பிள்ளையும் 96-98-98 எடுத்த இன்னொரு பிள்ளையும் ஒரே 194தான். மூன்று பாடத்தையும் கூட்டினால் இரண்டாவது பிள்ளைக்கு மூன்று மார்க் அதிகம். இருந்தாலும் கணிதத்தில் 99 எடுத்தவரே முன்னால் நிற்பார். ஒரே கட்-ஆஃப் எடுத்த நண்பனுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லை என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருவது.

ஆகவே தரவரிசைப் பட்டியல் வெளியாகும் வரை செய்யும் எந்தக் கணக்கும் உத்தேசம்தான். பட்டியல் வந்ததும் உங்கள் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இனிமேல் 194 என்ற எண்ணுக்கு வேலையில்லை.

படி 3: உங்களுக்கு எத்தனை கதவு என்று எண்ணுங்கள்

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு. பொதுப்போட்டிக்கு 31, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியலினத்தாருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. பொதுப்போட்டி இடம் எல்லோருக்கும் திறந்தது. அதனால் ஒதுக்கீட்டுப் பிரிவில் வரும் எவருக்கும் இரண்டு கதவுகள்: முதலில் பொது, அது முடிந்திருந்தால் தன் பிரிவு.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மூன்றாவது கதவும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அந்தியூர், தாராபுரம், கொல்லிமலைப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொதுப் பட்டியலில் எட்டாத கல்லூரியையும் இந்தக் கதவு வழியாக எட்டிப் பிடிக்க முடியும். எனவே "நம்ம மார்க்குக்கு கோயமுத்தூர் எதுக்கு" என்று இவர்கள் தாங்களாகவே ஒதுங்கக் கூடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் பக்கத்துச் சிறு நகரங்களில் பழைய பெரிய பள்ளிகள் பலவும் உதவி பெறும் வகைதான். ஊரார் அதையும் "கவர்மென்ட் ஸ்கூல்" என்றே சொல்வதால் விண்ணப்பத்தில் குழப்பம் வருகிறது.

முதல் பட்டதாரி சான்றிதழ் கையில் இருந்தால் சீட் சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கட்டணத்தைத்தான் குறைக்கும், ரேங்கைத் தொடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பாடப்பிரிவில் கவுன்சிலிங்குக்கு 60 இடம் என்று வைத்துக்கொள்வோம். 7.5 சதவீதத்துக்கு நாலைந்து இடம் போனால் மீதி 55 சொச்சம். அதில் பொதுவுக்கு 17, பிற்படுத்தப்பட்டோருக்கு 15-ஐ ஒட்டி, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 11, பட்டியலினத்தாருக்கு 10, பழங்குடியினருக்கு ஒன்றோ அதுவும் இல்லையோ. மொத்தப் போராட்டமும் இந்தப் பத்துப் பதினைந்து இடத்துக்குத்தான். இவ்வளவு சிறிய எண்ணில் நான்கு குடும்பங்கள் மனதை மாற்றினாலே கடைசி ரேங்க் எங்கோ போய்விடும். எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் துல்லியம் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

படி 4: மூன்று ஆண்டுக் கடைசி ரேங்கைத் திரட்டுங்கள்

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் சேர்க்கையை நடத்தும் டிஎன்இஏ இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் விவரங்கள் இருக்கின்றன. கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, சமூக வாரியாகக் கடைசி கட்-ஆஃப் பார்க்கலாம். அதைவிடப் பயனுள்ளது கவுன்சிலிங்கின் ஒவ்வொரு ரவுண்டுக்கும் வெளியான ஒதுக்கீட்டுப் பட்டியல். ரேங்க், சமூகம், கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவுக் குறியீடு, எந்தப் பிரிவின் கீழ் இடம் கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் குறிவைக்கும் கல்லூரிக் குறியீட்டைத் தேடி, உங்கள் சமூகப் பிரிவில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்கை எடுத்து எழுதுங்கள். கோவையின் பழைய மூன்று கல்லூரிகளுக்குக் குறியீடு வரிசையாகவே வரும்: தடாகம் ரோட்டில் 1945-இல் தொடங்கிய அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜிசிடி, 2005, பீளமேட்டில் 1951-இல் தொடங்கிய பிஎஸ்ஜி டெக் 2006, 1956-இல் தொடங்கிய சிஐடி 2007. பெருந்துறை கொங்கு 2711, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் 2702, சரவணம்பட்டி குமரகுரு 2712.

குறியீட்டைப் பெயரைவிட அதிகமாக நம்புங்கள். நீலாம்பூரில் உள்ள பிஎஸ்ஜி ஐடெக் வேறு கல்லூரி, குறியீடு 2377. "அண்ணா யுனிவர்சிட்டி கிடைச்சிருச்சு" என்று கொண்டாடும் முன் அது கிண்டியா, குரோம்பேட்டை எம்ஐடியா, கோவை மண்டல வளாகமா என்று பாருங்கள். மூன்றின் கடைசி ரேங்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒரே கல்லூரிக்குள்ளும் எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் தனித்தனிக் குறியீடு, தனித்தனிக் கட்டணம். பிஎஸ்ஜி டெக்கில் சாண்ட்விச் என்ற பெயரில் இருப்பது ஐந்தாண்டுப் படிப்பு. கட்-ஆஃப் குறைகிறதே என்று மகிழும் முன் ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்த ஆண்டுகளை எடுப்பது? கடைசி மூன்று போதும். 2021-ஐ எங்கேயாவது பார்த்தால் தாண்டிப் போங்கள். அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று கூட்டிப் போட்ட மார்க் அது.

படி 5: இந்த ஆண்டுக்கு ஏற்பத் திருத்துங்கள்

கட்-ஆஃபை விடக் கடைசி ரேங்க் ஏன் நிலையானது என்றால், அது இடங்களின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டது. விண்ணப்பம் போடுபவர்கள் நாற்பதாயிரம் கூடினாலும் அதில் பெரும்பாலோர் பட்டியலின் நடுவிலும் அடியிலும்தான் சேர்வார்கள். முதல் சில ஆயிரம் ரேங்குக்குள் முடிந்துவிடும் கல்லூரிகளுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. இடம் கூடினால்தான் ரேங்க் நகரும். 2024-25 முதல் நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ நீக்கியது. பல தனியார் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸையும் அதன் தம்பி தங்கைகளான ஏஐ, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டியையும் பெருக்கிவிட்டன. ஆகவே போன ஆண்டு எத்தனை இடம், இந்த ஆண்டு எத்தனை இடம் என்ற இரண்டு எண்களையும் கடைசி ரேங்குக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இடம் கூடியிருந்தால் பழைய கடைசி ரேங்கைத் தாண்டியும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

உங்களுக்கு முன்னால் நிற்கும் எல்லோரும் உங்களுக்குப் போட்டியும் அல்ல. சிலர் ஐஐடி, என்ஐடி போய்விடுவார்கள். சிலர் நீட் எழுதி மருத்துவத்துக்குக் காத்திருப்பார்கள். எட்டிமடை அம்ரிதாவிலோ வேலூர் விஐடியிலோ முன்பே சேர்ந்துவிட்டவர்களும் பட்டியலில் பெயரளவில் இருப்பார்கள். ஆனால் இது எல்லா ஆண்டும் நடப்பதுதான், பழைய கடைசி ரேங்குக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதை மறுபடி கழித்துக்கொண்டு "நமக்கு முன்னால பாதிப் பேர் போயிடுவாங்க" என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். ஒரே சலுகையை இரண்டு முறை எண்ணுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

படி 6: மூன்று கூடைகளாகப் பிரியுங்கள்

மூன்று ஆண்டுக் கடைசி ரேங்குகளில் இறுக்கமானது ஒன்று, தளர்வானது ஒன்று இருக்கும். உதாரணமாக ஒரு பாடப்பிரிவின் சமூகக் கடைசி ரேங்க் 900, 1,050, 1,200 என்று வைத்துக்கொள்வோம். (இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்.)

உங்கள் சமூக ரேங்க் 780 என்றால் இது கைக்குள் இருக்கும் சீட். இறுக்கமான ஆண்டையே தாண்டி, பத்துப் பதினைந்து சதவீத இடைவெளியும் இருக்கிறது. 900-க்கும் 1,200-க்கும் நடுவில் என்றால் இழுபறி; யார் என்ன சொன்னாலும் அங்கே யாருக்கும் தெரியாது. 870 போன்ற எண்ணையும் நான் இழுபறியில்தான் போடுவேன். 1,200-ஐத் தாண்டினால் எட்டாக்கனி. எட்டாக்கனி என்பதற்காக நோட்டிலிருந்து அடித்துவிட வேண்டாம், அடுத்த படியில் அதற்கும் இடம் உண்டு.

கைக்குள் கூடையில் உங்களுக்கு மனதார ஒப்பும் இடங்கள் ஐந்தாறு வந்துவிட்டால் மேனேஜ்மென்ட் சீட் பேச்சை நிறுத்திவிடலாம். சுயநிதிக் கல்லூரிகளில் 35 சதவீதமும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீதமும் நிர்வாக ஒதுக்கீடு. தேர்வு முடிந்ததுமே "இன்னிக்கு டோக்கன் போட்டாத்தானுங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று போன் வரத் தொடங்கும். ரிசல்ட் வரவில்லை, ரேங்க் வரவில்லை, பயம் மட்டும் வந்துவிடும். அந்த பயத்துக்குத்தான் விலை பேசுகிறார்கள். நன்கொடை வாங்குவது 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. முறையான கட்டணத்துக்கு ரசீது இருந்தால், குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் விலகும்போது ரூ.1,000-க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது. கைக்குள் கூடை உண்மையிலேயே காலியாக இருந்தால் மட்டும், ரசீது தரும் இடத்தில், திருப்பிக் கேட்கும் கடைசி நாளை எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

படி 7: பட்டியலை ஆசைப்படி அடுக்குங்கள், வாய்ப்புப்படி அல்ல

நான் பார்த்தவரை நல்ல ரேங்க் வைத்திருந்தும் ஏமாறுகிறவர்கள் இந்தப் படியில்தான் சறுக்குகிறார்கள். "பிஎஸ்ஜி எப்படியும் கிடைக்காது, அதை ஏன் முதல் சாய்ஸ் போட்டு வீணாக்கணும், கிடைக்கிறதை மேலே போடுவோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கம்ப்யூட்டர் எப்படி ஒதுக்குகிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு ரவுண்டில் முதல் ரேங்க்காரரின் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் சாய்ஸில் இடம் இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்க்காரரிடம் போகும். உங்கள் முறை வரும்போது உங்கள் முதல் சாய்ஸில் பொது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் உங்கள் பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் இரண்டாவது சாய்ஸ், அப்புறம் மூன்றாவது. அந்த நிமிடத்தில் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் யாரும் உங்கள் இடத்தைத் தொட்டிருக்க முடியாது. கிடைக்காத பத்து சாய்ஸை மேலே போட்டதற்காகப் பதினோராவது சாய்ஸில் உங்களுக்கு எந்த நஷ்டமும் வராது. மாறாக, கிடைக்கக்கூடியதை மேலே போட்டுவிட்டால் அதைக் கொடுத்த கையோடு வேலை முடிந்துவிடும். உங்கள் ரேங்குக்கு அதைவிட நல்ல இடம் அந்த ஆண்டு தளர்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எனவே எட்டாக்கனி முதலில், இழுபறி நடுவில், கைக்குள் கடைசியில் என்று இயல்பாகவே அமையும். இயல்பாக அமையாவிட்டாலும் கவலை வேண்டாம். கைக்குள் இருக்கும் ஒரு சீட் உங்களுக்கு இழுபறியில் இருப்பதைவிட உண்மையிலேயே பிடித்திருந்தால் அதை மேலே போடுவதுதான் சரி. கல்லூரி முக்கியமா கோர்ஸ் முக்கியமா என்ற சண்டையை வீட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், பம்பு, வார்ப்படம், நூற்பாலை இயந்திரம் என்று ஊரே பட்டறையாக இருக்கும் இடத்தில் ஜிசிடி மெக்கானிக்கலையோ பிஎஸ்ஜி புரொடக்‌ஷனையோ விட்டு, பெயர் தெரியாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஓடுவது எனக்குப் புரிவதில்லை. ஆனால் படிக்கப் போவது பிள்ளை; பிடிக்காத கோர்ஸைப் பாட்டனாரின் பெருமைக்காக மேலே ஏற்ற வேண்டாம்.

சாய்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. நல்ல ரேங்க்காரர்கள் "இந்த அஞ்சு போதும்" என்று நிறுத்தி, அந்த ரவுண்டில் ஒன்றும் கிடைக்காமல் அடுத்த ரவுண்டுக்குத் தள்ளப்படுவது ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே போகும்போது நல்ல இடங்கள் தீர்ந்திருக்கும். கைக்குள் கூடை முழுவதையும் போட்டு, அதற்குக் கீழும் பத்துப் பன்னிரண்டு சேருங்கள்.

ஐஐடி, என்ஐடி கனவுக்கு இதே கணக்கு, வேறு விதிகள்

இவற்றுக்கான நுழைவுத்தேர்வான ஜேஇஇ எழுதியவர்களுக்கு, சீட் ஒதுக்கும் ஜோசா அமைப்பின் இணையதளம் ஒவ்வொரு ரவுண்டின் தொடக்க ரேங்கையும் கடைசி ரேங்கையும் அப்படியே தந்துவிடுகிறது. மூன்று கூடை முறை அதற்கும் பொருந்தும். வழுக்கும் இடங்கள் சில உண்டு. ஓபன் வரிசையில் இருப்பது பொது ரேங்க். ஓபிசி, எஸ்சி, எஸ்டி வரிசைகளில் இருப்பது அந்தந்தப் பிரிவுக்குள்ளான ரேங்க். பொது ரேங்கை ஓபிசி வரிசையோடு ஒப்பிட்டு "போச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

திருச்சி என்ஐடியில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரோ ஆதார் முகவரியோ அல்ல, பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்ற மாநிலம். பொள்ளாச்சிக்காரர் பிள்ளையைப் பாலக்காட்டுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்க வைத்தால், அந்தப் பிள்ளை என்ஐடி கணக்கில் கேரளம். ஜேஇஇ பயிற்சிக்காக ராஜஸ்தானின் கோட்டா நகரத்துக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்புகிறவர்களும் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். ஐஐடிகளில் மாநில ஒதுக்கீடே கிடையாது.

தமிழக அரசின் ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் (வருமானம் வரம்பைத் தாண்டினால் ஒதுக்கீடு கிடையாது என்ற விதி) இல்லை. மத்திய அரசு ஓபிசியில் உண்டு. வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சம்பள வருமானமும் விவசாய நில வருமானமும் இந்த வருமானக் கணக்கில் சேராது, தொழில் வருமானம் சேரும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கும் கோபியில் வாழையும் மஞ்சளும் போடுபவருக்கும் ஒரே வருமானம் இருந்தாலும் முடிவு வேறாகலாம். சான்றிதழ் கிடைக்காது என்று தெரிந்தால் ஓபிசி வரிசையை மறந்து ஓபன் வரிசையில் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவின் பெரிய பெயர்களுக்கு இந்த முறை எதுவும் உதவாது. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை. மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செயல்பாடுகள் எல்லாம் சேர்த்துப் பார்ப்பதால் கடைசி ரேங்க் என்ற ஒன்றே அங்கு இல்லை. அவற்றை எட்டாக்கனியில் போட்டுவிட்டு இங்குள்ள கவுன்சிலிங்கை முழுமையாகச் செய்யுங்கள்.

படி 8: ஒதுக்கீடு வந்த அன்று

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கல்லூரிக் குறியீட்டையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் நோட்டோடு ஒத்துப்பாருங்கள். பிறகு முடிவு. கிடைத்தது போதும் என்றால் ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம். ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள சாய்ஸ் காலியானால் மாறத் தயார் என்றும் சொல்லலாம். இதைத்தான் அப்வேர்ட் என்கிறார்கள். வேண்டாம் என்று மறுத்து அடுத்த ரவுண்டுக்கும் போகலாம். ஆனால் கைக்குள் கூடையிலிருந்து வந்த இடத்தை மறுத்து அடுத்த ரவுண்டை நம்புவது பெரும்பாலும் நஷ்டம்.

அப்வேர்ட் கொடுத்தால் மட்டும் போதாது. குறித்த நாளுக்குள் உதவி மையத்துக்குப் போய்ப் பணம் கட்டி உறுதி செய்யாவிட்டால் கையிலிருப்பதும் போய்விடும். இன்னொன்று: அப்வேர்டில் மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் அப்போதே உங்களிடமிருந்து போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே பொத்தானை அழுத்தும் முன், கிடைத்த சாய்ஸுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு வரியையும் பிள்ளையை வைத்துக்கொண்டே படியுங்கள். ஏதோ ஒரு வரியில் "இது வந்தா இதை விட்டுட்டுப் போகணுமா?" என்று பிள்ளை தயங்கினால், அப்வேர்ட் வேண்டாம், ஏற்றுச் சேரும் முதல் தேர்வையே அழுத்திவிடுங்கள்.